டி.ஓ.சி.மார் ஏன் நிற்கிறார்கள் இல்லை? ஒரு நிர்வாக சபை உறுப்பினருக்குப் பதில்

கேள்வி இதுதான். ரொறன்ரோவுக்கு வெளியே 128 படுக்கைகள் கொண்ட, இலாப நோக்கில்லாத ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தின் நிர்வாக சபையில் இவர் இருக்கிறார். அங்கே தாதியர் பணிக்குப் பொறுப்பான டைரக்டர் ஒஃப் கெயார், எல்லோரும் சொல்வதுபோல டி.ஓ.சி, யார் வந்தாலும் நிற்கிறார் இல்லை. போனவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்கிறார். சம்பளத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். "நாங்கள் என்ன குறை வைத்தோம்? மே மாதத் தாதியர் வாரத்துக்கு ஒரு விருந்து வைக்கலாம் என்று சபையில் பேச்சு. அது உதவுமா?"

விருந்து வையுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன். ஆனால் பாராட்டுக் காணாமல் யாரும் இந்த வேலையை விட்டுப் போவதில்லை. ஒன்ராறியோவில் ஆர்.என் (பதிவுபெற்ற தாதி) ஆகத் தொடங்கி டி.ஓ.சி.யாக இருந்தவள் நான். இப்போது அந்தக் கதிரைக்குப் புதிதாக வருபவர்களுக்குத் துணை நிற்கிறேன். போனவர்களோடு பேசியதில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: இல்லத்துக்குள் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் டி.ஓ.சி, அதில் பாதிக்குக்கூட முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, மீதிப் பாதியைப் பார்க்க நேரம் இல்லை. இந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டுச் சம்பளத்தைக் கூட்டினால், போகிற நாள் சில மாதங்கள் தள்ளிப்போகும்.

முதலில் அந்த வேலையின் அளவைப் பாருங்கள். 65 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள இல்லத்தில் டி.ஓ.சி கிழமைக்கு 35 மணிநேரமாவது அந்தப் பதவியிலேயே இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ ஒழுங்குவிதி. அவர் ஆர்.என் ஆக இருக்க வேண்டும், நீண்டகாலப் பராமரிப்பில் ஒரு வருட அனுபவமும் சுகாதாரத் துறையில் மேற்பார்வையாளராக 3 வருட அனுபவமும் வேண்டும். சரி. இனி உங்கள் கட்டடம். 32 பேர் வீதம் நான்கு பகுதிகள். 2021ஆம் ஆண்டின் நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் சராசரி இலக்காக வைத்தது ஒருவருக்கு ஒரு நாளில் 4 மணிநேர நேரடிப் பராமரிப்பு. 2025 மார்ச் 31க்குள் எட்ட வேண்டும் என்றது. உங்கள் இல்லம் அந்தச் சராசரியில் நிற்கிறது என்று வைத்தால் நாளுக்கு 512 மணிநேரம். எட்டு மணிநேரத்தால் பிரித்தால் 64 ஷிஃப்ட். ஆர்.என், அதற்கு அடுத்த நிலைத் தாதியான ஆர்.பி.என், குளிக்க, உடுக்க, சாப்பிட உதவும் பராமரிப்பு ஊழியரான பி.எஸ்.டபிள்யூ எல்லாம் சேர்த்து ஒவ்வொரு நாளும் 64 இடங்களில் ஆள் நிற்க வேண்டும். பத்தில் ஒருவர் காலையில் போன் எடுத்து "வர முடியாது" என்றால் அன்றைக்கு ஆறு ஓட்டைகள்.

அந்த ஆறு ஓட்டைகளையும் அடைப்பது யார்? உங்கள் நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்கள். ஷெட்யூலிங் கிளார்க் இருக்கிறார் என்பார். அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார், சனி ஞாயிறில் யார் பார்க்கிறார் என்று அடுத்ததாகக் கேளுங்கள். பல இல்லங்களில் மாலை நாலரைக்குப் பிறகும் வார இறுதியிலும் அந்த வேலை டி.ஓ.சி.யின் கைப்பேசிக்குப் போய்விடும். பட்டம் படித்து, நூற்றுக்கு மேற்பட்ட ஊழியருக்குத் தலைவியான ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று "பின்னேர ஷிஃப்ட் ஒன்று எடுக்க முடியுமா?" என்று ஒவ்வொரு இலக்கமாக அடித்துக் கொண்டிருப்பார். இதற்குத் தேவை கிழமையில் ஏழு நாளும், மாலை வரையும் இருக்கும் ஒரு ஷெட்யூலிங் ஆள். மன அழுத்தப் பயிற்சிக்குக் கொடுத்த காசில் இதைத் தொடங்கியிருக்கலாம்.

அடுத்தது சபை உறுப்பினர் பலருக்குத் தெரியாத விடயம், என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒன்ராறியோச் சட்டப்படி இல்லத்தில் எந்நேரமும் ஒரு ஆர்.என் கடமையில், கட்டடத்துக்குள், இருக்க வேண்டும். அவர் இல்லத்தின் சொந்த ஊழியராகவும் வழமையான தாதியர் அணியைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். இல்லத்தின் அளவைப் பொறுத்துச் சில விலக்குகள் உண்டு. 128 படுக்கைக்கு அவசரநிலை போன்ற குறுகிய சந்தர்ப்பங்களில் மட்டும்தான் அந்தச் சலுகை. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: டி.ஓ.சி தன் பதவியில் வேலை செய்யும் நேரத்தில் அவரைக் கடமையிலுள்ள ஆர்.என் ஆகக் கணக்கில் எடுக்கக்கூடாது. ஏன் இப்படி எழுதினார்கள்? மேற்பார்வை செய்பவரும் கட்டிலடியில் நிற்பவரும் ஒரே ஆளாகிவிட்டால் மேற்பார்வை என்று ஒன்றே இல்லாமல் போகும் என்பதால்தான்.

நடப்பு என்ன? காலை ஏழு மணிக்கு ஆர்.என் வரவில்லை. இரவு நேர்ஸ் பன்னிரண்டு மணிநேரமாக நிற்கிறார், அவரை மேலும் மறிக்க முடியாது. ஏஜென்சி அனுப்பும் தற்காலிக நேர்ஸ் வந்தாலும் வழமையான அணி என்ற நிபந்தனைக்குள் வரமாட்டார். டி.ஓ.சி தன் அறையைப் பூட்டிவிட்டு மருந்து வண்டியைத் தள்ளுகிறார். ஊழியர்கள் "எங்கட டி.ஓ.சி நல்லவ, எங்களோட நிண்டு வேலை செய்வா" என்று புகழ்வார்கள். நிர்வாகியும் நன்றி சொல்வார். அன்றைக்கு அந்த இல்லத்தில் டி.ஓ.சி என்று ஒருவர் இல்லை என்பதை யாரும் எங்கும் குறித்து வைப்பதில்லை. அன்று பார்க்க வேண்டிய விழுந்தவரின் விசாரணை, புதிதாக வந்தவரின் பராமரிப்புத் திட்டம், மகளின் முறைப்பாடு, யூனியன் கூட்டம் எல்லாம் இரவு வீட்டுக்குப் போகும். வருடத்தில் இரண்டு தரம் நடந்தால் பொறுக்கலாம். மாதத்தில் நாலு தரம் நடந்தால் நீங்கள் ஒரு டி.ஓ.சி.யை வைத்திருக்கவில்லை, இரண்டு வேலைக்கு ஒரு சம்பளம் கொடுக்கும் ஆர்.என் ஒருவரை வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே சபைக்கு வரும் மாத அறிக்கையில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: கடந்த மாதம் டி.ஓ.சி.யும் உதவி டி.ஓ.சி.யும் எத்தனை ஷிஃப்ட் ஆர்.என் ஆக நின்றார்கள்? இதைக் கேட்பது இலவசம். கேட்கத் தொடங்கிய இல்லங்களில் பகுதிநேர ஆர்.என் ஒருவரை முழுநேரமாக்கும் பேச்சு தானாக மேசைக்கு வந்ததை நான் கண்டிருக்கிறேன். எண்ணாத வரை அது நல்ல மனசு என்ற கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

இரவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லங்களில் தாதியர் தலைமை என்றால் சபைக்கு டி.ஓ.சி ஒருவர்தான் தெரிவார். ஆனால் பின்னேரம் மூன்றிலிருந்து காலை ஏழு வரை, மருத்துவர் இல்லாத, நிர்வாகி இல்லாத பதினாறு மணிநேரம் கட்டடத்தை நடத்துபவர் பொறுப்பு ஆர்.என். ஒருவருக்கு மூச்சு இழுக்கிறது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா வேண்டாமா? மறதி நோயுள்ள ஒருவர் பக்கத்து அறைக்குள் போய் அடித்துவிட்டார், பொலிசைக் கூப்பிடுவதா? இரண்டு பி.எஸ்.டபிள்யூ வரவில்லை, எந்தப் பகுதியில் இருந்து ஆளை எடுப்பது? இந்த முடிவெல்லாம் அவருடையது. இதில் பலர் தலைமை வேலைக்கென்று ஒரு நாள் பயிற்சியும் பெறாதவர்கள். நல்ல நேர்ஸ் என்பதால் பொறுப்பும் வரும் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். பயிற்சி இல்லாத பொறுப்பு ஆர்.என் என்ன செய்வார்? டி.ஓ.சி.க்கு போன் எடுப்பார். அவரிலும் பிழை இல்லை.

2019 ஜூலை 31 அன்று நீதியரசர் ஐலீன் கிலீஸ் கொடுத்த விசாரணை அறிக்கையை உங்கள் சபையில் யாராவது ஒருவர் வாசித்திருக்க வேண்டும். எலிசபெத் வெட்லோஃபர் என்ற ஆர்.என் முதியவர்களுக்கு இன்சுலின் ஏற்றி 8 பேரைக் கொன்றவர். 2017 ஜூனில் ஆயுள் தண்டனை பெற்றார். அவர் தானாக ஒப்புக்கொண்டிராவிட்டால் அந்தக் குற்றங்கள் வெளியே வந்திருக்காது என்று அந்த அறிக்கை சொன்னது. தனி ஆட்களைக் குறைசொல்லாமல், அமைப்பில் எங்கே ஓட்டை என்று தேடி 91 பரிந்துரைகள் தந்தது. அதில் ஒன்று, டி.ஓ.சி.மார் மாலையிலும் இரவிலும் வார இறுதியிலும் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்க வேண்டும் என்பது.

நல்ல பரிந்துரை. நானும் இரவில் போய்ப் பார்த்திருக்கிறேன். பகலில் ஒருபோதும் தெரியாத இல்லம் அது. ஆனால் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு வந்து பார்த்தவர் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கும் வர வேண்டும் என்றால் அந்தப் பரிந்துரை எத்தனை நாள் நடக்கும்? முதல் மாதம் நடக்கும். பிறகு தாளில் மட்டும் நடக்கும். இரவுச் சோதனைக்குப் போன அடுத்த நாள் டி.ஓ.சி.க்கு விடுமுறை, அன்றைக்கு அவருடைய போனை உதவி டி.ஓ.சி எடுப்பார் என்று எழுத்தில் ஒரு விதி வையுங்கள். அதோடு இரவில் போவது ஆளைப் பிடிக்க மட்டும் என்று ஆகிவிடக்கூடாது. இரவு ஆர்.என்.னோடு அரை மணிநேரம் இருந்து என்ன கஷ்டம் என்று கேட்பதற்கும் அதுதான் நேரம். பகல் பயிற்சிகளுக்கு அவரால் வர முடியாது.

ஒன்கோல் முறையும் இப்படித்தான். இரவில் அழைக்க ஒரு பட்டியல் இருக்க வேண்டும்; அதில் டி.ஓ.சி, உதவி டி.ஓ.சி, நிர்வாகி, முடிந்தால் மற்றப் பிரிவு முகாமையாளர்களும் கிழமை மாறி வர வேண்டும். ஆட்குறைவுக்கும் உடைந்த லிஃப்டுக்கும் தாதி வேண்டியதில்லை. நோயாளி பற்றிய கேள்விக்கு மருத்துவருக்கோ, மருந்து எழுதும் தகுதியுள்ள தாதியான நேர்ஸ் பிரக்டிஷனருக்கோ நேரே போன் எடுக்கலாம் என்று இரவு ஆர்.என்.னுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் கோபிப்பார் என்று பயந்து டி.ஓ.சி.யை எழுப்பும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அந்தப் பேச்சை மருத்துவப் பணிப்பாளரோடு நிர்வாகி பேச வேண்டும், டி.ஓ.சி தனியாக அல்ல.

சில அழைப்புகள் வரத்தான் செய்யும். துர்நடத்தை, அலட்சியம், எதிர்பாராத மரணம், தொற்றுப் பரவல், மூன்று மணிநேரமாக ஆளைக் காணவில்லை போன்றவற்றை அமைச்சுக்கு உடனடியாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கட்டுப்பாட்டு மருந்து கணக்கில் குறைந்தால் ஒரு வேலைநாளுக்குள். ஆனால் அறிவிக்கும் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் கட்டடத்தில் டி.ஓ.சி ஒருவர்தான் என்ற நிலை இருந்தால் அது ஒழுங்குபடுத்தாத விடயம், சட்டத்தின் குற்றமில்லை. பொறுப்பு ஆர்.என் எல்லோருக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுங்கள். அதற்கான மணிநேரத்தைச் சம்பளத்தோடு கொடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சம்பளம் கூட்டியது பிழை இல்லை, தேவையாகவும் இருந்திருக்கும். ஆஸ்பத்திரி ஆர்.என்.னுக்கும் இல்லத்து ஆர்.என்.னுக்கும் இடையில் வித்தியாசம் இருப்பது தெரிந்ததே. 2019இன் 124ஆம் சட்டமூலம் இலாப நோக்கற்ற இல்லங்களின் ஊதிய உயர்வை மூன்று வருடத்துக்கு வருடம் ஒரு வீதமாகக் கட்டிப்போட்டது. இலாபத்துக்கு நடத்தும் இல்லங்களுக்கும் நகரசபை இல்லங்களுக்கும் அந்தக் கட்டு இருக்கவில்லை. 2022 நவம்பரில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. யூனியனில் உள்ளவர்களுக்கு நடுவர் தீர்ப்புகள் வழியாக உயர்வு வந்தது. டி.ஓ.சி.க்கு யூனியன் இல்லை. இதனால் மேலதிக நேரம் எடுக்கும் ஆர்.என் ஒருவர் தன் மேலதிகாரியை விடக் கூட உழைப்பது இப்போது பல இல்லங்களில் சாதாரணம். உங்கள் இல்லத்தில் அப்படியா என்று பாருங்கள். அப்படியானால் உதவி டி.ஓ.சி பதவிக்கு உள்ளே இருந்து ஒருவரும் விண்ணப்பிக்காததன் காரணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மேலதிக நேரத்துக்குப் பணமோ பதில் விடுமுறையோ முகாமையாளர்களுக்கும் உண்டு என்று கொள்கை எழுதுங்கள். அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டுவதைவிட அது நியாயமாகப் படும்.

அதிகாரம் என்று சொன்னேனே, அது என்ன? ஒரு ஆர்.பி.என் இடம் காலியாகிறது. டி.ஓ.சி நிர்வாகியிடம் எழுதுகிறார், நிர்வாகி நிதிப்பொறுப்பாளரிடம், அவர் அடுத்த கூட்டம் வரட்டும் என்கிறார். ஆறு கிழமை போய்விடுகிறது. அந்த ஆறு கிழமையும் ஏஜென்சி நேர்ஸுக்கு மணிக்குக் கூடக் காசு கொடுத்து, ஒவ்வொரு நாளும் புதிதாக வருபவருக்கு வீட்டையும் ஆட்களையும் காட்டுவது டி.ஓ.சி.யின் ஊழியர்கள். வரவுசெலவில் ஏற்கெனவே உள்ள இடத்தை நிரப்ப யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று ஒரு வரித் தீர்மானம் போதும். அதேபோல, ஆட்கள் போதாத கிழமையில் புதிதாக ஒரு முதியவரை இல்லத்தில் சேர்ப்பதைச் சில நாள் தள்ளிப்போடலாமா என்று அவர் கேட்டால், "படுக்கை வெறுமையாக இருந்தால் வருமானம் போகும்" என்று யாரும் வாய் திறக்கும் முன் அவருடைய காரணத்தைக் கேளுங்கள். விதி எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை நிர்வாகி பார்த்துச் சொல்லட்டும். கேட்டதற்காக அவரைச் சிறுமைப்படுத்தாதீர்கள்.

தாதியர் பராமரிப்புக்கு அமைச்சு தரும் நிதி தனி உறையாக வருகிறது; செலவழிக்காத மீதி அமைச்சுக்கே திரும்பிப் போகும். இந்த உறையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போய்விட்டது என்ற கணக்கை மாதாமாதம் டி.ஓ.சி.க்குக் காட்டுங்கள். தன் பிரிவின் வரவுசெலவை மார்ச் மாதத்தில்தான் முதன்முறையாகப் பார்த்த டி.ஓ.சி.மாரை எனக்குத் தெரியும். காசு மிஞ்சியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதே வருடம் முழுக்க ஆள் கேட்டு இல்லை என்று பதில் வாங்கியவர்கள் அவர்கள்.

பரிசோதகர்கள் விடயம் சபைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒன்ராறியோவில் ஒவ்வொரு இல்லத்துக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பில்லாமல் பரிசோதனை நடக்க வேண்டும். முறைப்பாடு வந்தால் அதற்கும் வருவார்கள். அறிக்கை பகிரங்கமாக வெளியாகும். குறை கண்டால் சபைக்கூட்டத்தில் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "இதை டி.ஓ.சி எப்படி விட்டார்?" சட்டம் இல்லத்தின் இணக்கத்துக்கு நியாயமான கவனம் எடுக்கும் கடமையைச் சபை உறுப்பினர்கள் மீதும் வைத்திருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது வேறு: இந்தக் குறை முன்பே தெரிந்திருந்ததா, தெரிந்தவர் ஆளோ காசோ கேட்டாரா, நாம் என்ன பதில் சொன்னோம்? பரிசோதகர் நிற்கும் நாட்களில் டி.ஓ.சி.யின் வழமையான வேலையை இன்னொருவர் எடுக்கும் ஏற்பாடும் முன்கூட்டியே இருக்க வேண்டும். பரிசோதனை நடக்கிறது என்று கட்டிலில் இருப்பவர் விழாமல் இருக்கப் போவதில்லை.

2020இன் கோவிட் காலத்தை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அந்த வருடம் மே 26இல் வெளியான, உதவிக்குப் போன கனடிய ஆயுதப்படையின் அறிக்கையில் ஐந்து இல்லங்களின் மோசமான நிலை பற்றிச் சொல்லப்பட்டது. அதில் ஒன்று நம்மவர்கள் நெருங்கி வாழும் ஸ்காபரோவில் இருந்தது. இரண்டு அலைகளில் ஒன்ராறியோ இல்லங்களில் ஏறத்தாழ 4,000 முதியவர்கள் இறந்தார்கள். இதை விசாரித்த, ஃபிராங்க் மரொக்கோ தலைமையிலான ஆணைக்குழு 2021 ஏப்ரல் 30 அன்று இறுதி அறிக்கை தந்தது. அதற்கு முன், 2020 டிசம்பரின் இடைக்காலக் கடிதத்திலேயே இல்லத்துக்குள் இருக்க வேண்டிய தலைமையையும் பொறுப்புக்கூறலையும் பற்றி எழுதியது. தலைமைத் தாதியே நோயில் விழுந்தபோது அவருக்குப் பதிலாக நிற்க ஒருவரும் இல்லாத இல்லங்கள் எப்படித் தடுமாறின என்பது அந்த வசந்தகாலத்தில் வேலை செய்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரிகள் வந்து நிர்வாகத்தைக் கையில் எடுக்க வேண்டிய நிலை சில இடங்களில் வந்தது. பிறகு வந்த ஒழுங்குவிதி தொற்றுத் தடுப்புக்குத் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்றது; 70 முதல் 199 படுக்கை உள்ள இல்லத்துக்கு கிழமைக்கு குறைந்தது 26.25 மணிநேரம். அந்த மணிநேரத்தில் அவரை மருந்து வண்டிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் மிச்ச வேலை எங்கே போகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

உங்கள் டி.ஓ.சி.க்கு வெளியே இருந்து எடுக்கக்கூடிய உதவிகளும் உண்டு, பெரும்பாலும் காசில்லாமல். ஒன்ராறியோ பதிவுத் தாதியர் சங்கம் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே சிறந்த நடைமுறை இணைப்பாளர்களை வைத்திருக்கிறது. புண், விழுதல், வலி போன்றவற்றில் இல்லத்துக்கே வந்து ஊழியரோடு வேலை செய்வார்கள். ரொறன்ரோவின் பேக்ரெஸ்ற், ஒட்டாவாவின் புரூயேர், வாட்டர்லூவின் ஷ்லேகல் ஆய்வு நிறுவனம் மூன்றிலும் இயங்கும் கற்றல் மற்றும் ஆராய்ச்சி மையங்கள் பயிற்சிகளை நடத்துகின்றன. ஆஸ்பத்திரிகளில் இருந்து இல்லங்களுக்கு வந்து பார்க்கும் தாதியர் குழுக்கள் உண்டு. அவர்களை அழைக்கத் தெரிந்த இரவு ஆர்.என் ஒருவர் தேவையில்லாத அம்புலன்ஸ் ஒன்றை மறிப்பார். மறதி நோயோடு வரும் கடினமான நடத்தைகளுக்கு பிஹேவியரல் சப்போர்ட்ஸ் ஒன்ராறியோ இருக்கிறது. இலாப நோக்கற்ற இல்லங்களின் சங்கமான அட்வான்டேஜ் ஒன்ராறியோவில் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கலாம். ஆனால் இந்த உதவிகள் எல்லாம் கூட்டத்துக்குப் போக நேரம் உள்ளவருக்குத்தான் கிடைக்கும். அன்றைக்கும் மருந்து வண்டி தள்ளுபவருக்கு மின்னஞ்சலைத் திறக்கவே நேரமில்லை.

இவற்றை விடவும் நான் பெரிதாக மதிப்பது பக்கத்து இல்லத்து டி.ஓ.சி ஒருவரின் தொலைபேசி இலக்கம். தன் நிர்வாகியிடம் சொல்ல முடியாததை, கீழே உள்ளவர்களிடம் சொல்லக்கூடாததை, அதே கதிரையில் இருக்கும் இன்னொருத்தியிடம் சொல்லலாம். புதிதாக வருபவருக்கு முதல் வருடம் முழுவதும் அப்படி ஒரு மூத்தவரை ஏற்பாடு செய்யுங்கள். தேவைப்பட்டால் அவருக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள். வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் அடுத்த டி.ஓ.சி யார் என்று யோசித்திருக்கிறீர்களா? வெளியே தேடிக்கொண்டே இருக்கிறீர்கள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து இல்லங்களில் எத்தனை தமிழ்ப் பெண்கள் பி.எஸ்.டபிள்யூ ஆக நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களில் ஊரில் தாதியாக இருந்தவர்கள் உண்டு, இங்கே வந்து பதிவு கிடைக்காமல் நின்றுவிட்டார்கள். பிலிப்பைன்ஸ், கேரளம், கரீபியன் தீவுகளில் இருந்து வந்தவர்களின் கதையும் அதுதான். பி.எஸ்.டபிள்யூ ஆர்.பி.என் ஆவதற்கும் ஆர்.பி.என் ஆர்.என் ஆவதற்கும் பிகின் என்ற திட்டத்தில் மாகாணம் படிப்புச் செலவுக்கு உதவுகிறது. படித்தபின் இந்தத் துறையிலேயே குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். காசு பாதித் தடைதான். படிப்பவருக்கு ஷிஃப்டை மாற்றிக் கொடுக்க இல்லம் தயாராக இருக்கிறதா என்பது மற்றப் பாதி. ஒரு பகுதியின் பொறுப்பு நேர்ஸ், பிறகு உதவி டி.ஓ.சி, பிறகு டி.ஓ.சி என்று உள்ளேயே வளர்ந்து வந்தவருக்குக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும், ஒவ்வொரு குடும்பத்தின் குணமும் தெரியும். பத்து வருடத் திட்டம் இது என்பீர்கள். பத்து வருடமாக ஆள் தேடிக்கொண்டிருப்பதும் ஒரு திட்டம்தான்.

ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு நாளைக்கே டி.ஓ.சி.யின் அறைக்குப் போய் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அவர் நிர்வாகிக்குக் கீழ் வேலை செய்பவர். சபை உறுப்பினர் ஒருவர் தனியாக வந்து கேட்டால், நல்லெண்ணத்தோடு கேட்டாலும், அவருக்கு இரண்டு முதலாளிகள் ஆகிவிடும். நிர்வாகியைக் கேளுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை டி.ஓ.சி சபைக்கு நேரில் அறிக்கை கொடுக்கட்டும், நிகழ்ச்சிநிரலில் கடைசி ஐந்து நிமிடமாக அல்ல, முதல் அரை மணிநேரமாக. அந்த அறிக்கையில் அவர் ஆர்.என் ஆக நின்ற ஷிஃப்டுகள், இரவு அழைப்புகள், காலியான இடங்கள், அவை காலியாக இருந்த நாட்கள், ஏஜென்சி மணிநேரம் என்பவை இருக்கட்டும். போனவர்களில் பேச விரும்புபவர்களைச் சபைக்கு வெளியில் உள்ள ஒருவர் மூலம் கேட்டுப்பாருங்கள். இல்லத்தை விட்டுப் போகும்போது எழுதும் கடிதத்தில் எல்லோரும் "குடும்பக் காரணம்" என்றுதான் எழுதுவார்கள்.

விருந்து. மே 12 ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள், அதைச் சுற்றியதுதான் தாதியர் வாரம். வையுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் வைக்காமல் இரவு பதினொன்றரைக்கும் ஒருமுறை வையுங்கள், சூடாக, மிச்சத்தை அல்ல. சபை உறுப்பினர் இரண்டு பேர் அந்த நேரத்துக்கு வந்து நில்லுங்கள். சாப்பாட்டை ஒழுங்குபண்ணும் வேலையை மட்டும் டி.ஓ.சி.யிடம் கொடுத்துவிடாதீர்கள்.